இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்த நாய்: தோட்டத்துக்குக் கொடுக்கலாமா?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த சித்திரை மாதத்தில் காங்கயம் சாலை ஓரத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெட்டை நாயை, குணமாகும் வரை வைத்திருந்து நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் தூக்கி வந்தேன். அதன் நிறத்தைப் பார்த்து என் மகன் செவலை என்று பெயர் வைத்தான். பின்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்து 28 நாட்கள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம். கால் சேர்ந்தபின் கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்தன. இரண்டு வயது இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

ஆடி தொடக்கத்தில் கோவையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தம்பதியிடம் கொடுத்தேன். இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். தனியாக விட்டால் நாள் முழுவதும் ஊளையிடுகிறது, கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டிப் பிய்த்துவிட்டது, அக்கம்பக்கத்தில் புகார் வருகிறது என்றார்கள். ஆவணியில் அவிநாசியில் முற்றமுள்ள ஒரு வீட்டுக்குப் போயிற்று. அங்கே மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் அந்த வீட்டுப் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயின் போசியை (சோற்றுக் கிண்ணத்தை) நகர்த்தப்போக, அவர் கையைக் கவ்விவிட்டது. பல் பட்டு லேசாகத் தோல் கீறியது. அன்று மாலையே திரும்ப வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அது சாப்பிடும்போது யாரும் அருகில் போவதில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டி, முன்கால்கள் இரண்டையும் போசியைச் சுற்றி அணைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தபடியே தின்னும். தெருவில் பட்ட பசி அப்படி என்று நினைத்து நாங்களும் அதை ஒரு குறையாக எண்ணவில்லை. அதனால்தான் அவிநாசிக்காரர்களிடம் சொல்லத் தோன்றாமல் போயிற்று. அது என் தவறு.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டு உரிமையாளர் மாடியில் குடியிருக்கிறார், இரண்டு மாதம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன். புரட்டாசி மாதம் என்பதால் வீட்டில் கவுச்சி இல்லை. ஆனாலும் என் மாமியார் பின்கட்டில் தனி அடுப்பு மூட்டி, பல்லடத்துக் கோழிக்கடையில் வாங்கிவரும் கோழித்தலையைச் செவலைக்கு வேகவைத்துக் கொடுக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. இதை இன்னும் எத்தனை நாள் அவரிடம் கேட்க முடியும்?

இப்போது காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கும் வயதான தம்பதியர் நாயைக் கேட்கிறார்கள். ஏழு ஏக்கர், கிளுவை வேலி, நாற்பது செம்மறி. எல்லோரும், “தோட்டம் என்றால் நாய்க்கு அதைவிட என்ன வேண்டும், கொடுத்துவிடு” என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கையைக் கவ்விய செய்தியை அவர்களிடம் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மேட்டாங்காடு (வெள்ளகோவில் பக்கம்) எழுதியது:

வணக்கம் அம்மிணி. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அது அந்த நாற்பது செம்மறிகள்.

நான் பிறந்து வளர்ந்ததே தோட்டத்துச் சாளையில்தான். ஊரில் இருப்பவர்கள் தோட்டம் என்றால் வேப்பமரத்து நிழலும் ஓடித் திரிய இடமும் மட்டும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) ஆடுகளை மேய விட்டு இரவிலும் அங்கேயே பட்டியில் அடைத்துவைக்கும் வழக்கம் உண்டு. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் நாய்க் கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடுவதும் நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள். எங்கள் பட்டியில் ஒரே இரவில் ஏழு ஆடுகள் போயின. காலையில் போய்ப் பார்த்தபோது ஒன்றைக்கூட நாய்கள் தின்றிருக்கவில்லை. தொண்டையிலும் தொடையிலும் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தியிருந்தன. துரத்த ஆரம்பித்த நாய் ஒன்றோடு நிற்காது. ஓடுகிற ஆட்டைப் பார்க்கப் பார்க்க அதற்கு வெறி ஏறும்.

இதனால் எங்கள் ஊர்களில் அறிமுகமில்லாத நாய் ஒன்று வேலி ஓரத்தில் நின்றாலே சந்தேகம்தான். கறித்துண்டில் குருணைப் பூச்சி மருந்தைக் கலந்து வேலியோரம் வைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அது குற்றம் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனால் நடக்கிறது. உங்கள் செவலை எந்த ஆட்டையும் தொடாமலேயே பக்கத்துக் காட்டுக்காரர் வைத்ததைத் தின்று செத்துப்போகலாம். அதற்குப் பயந்து பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடுவார்கள், இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவார்கள். அப்படி வாழும் நாய்க்கு ஏழு ஏக்கர் எதற்கு? ஆறடிச் சங்கிலிதான் அதன் தோட்டம்.

பட்டியில் காவல் இருக்கும் நாய்கள் எங்களிடமும் உண்டு. அவை இரண்டு மாதக் குட்டியாக வந்து ஆட்டுக்குட்டிகளோடு படுத்து, கிடாயிடம் முட்டு வாங்கி வளர்ந்தவை. இரண்டு வயதுக்குப் பிறகு முதல்முறையாக ஆட்டைப் பார்க்கும் நாயிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன், சில நாய்கள் பிறவியிலேயே சாது.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஆடுகள் மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பும் பொழுது சாயும் நேரத்தில், உறுதியான கயிற்றில் பிடித்து, நாற்பது ஐம்பது அடி தள்ளி நாயை நிறுத்துங்கள். கொட்டாவி விட்டு, முகத்தைத் திருப்பி, தரையை முகர்ந்துகொண்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். காது முன்னே நிமிர்ந்து, தலை தாழ்ந்து, உடம்பு அசையாமல் வெறித்துப் பார்த்தால், கூப்பிட்டும் திரும்பாவிட்டால், அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கிடையாது. இருட்டில் முயலைத் துரத்திக்கொண்டு ஓடும் நாய்க்குக் கிணறு தெரியாது.

அந்த முதியவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தனிச் சாளையில் இருக்கும் வயதானவர்களுக்கு இரவில் குரைக்க ஒரு ஜீவன் வேண்டும். அந்தத் தேவை உண்மையானது. அதற்குச் செவலை பொருத்தமா என்பதுதான் கேள்வி.


கால்நடை மருத்துவர் ஒருவர் (ஈரோடு) எழுதியது:

முதலில் அவிநாசிப் பெரியவரைப் பற்றிக் கேட்கிறேன். தோல் கீறியது என்று எழுதியிருக்கிறீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினாரா, மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டாரா? நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது. கடித்த நாளிலிருந்து 10 நாட்கள் நாய் நலமாக இருந்ததா என்று பார்ப்பதும் வழக்கம். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழியில்லை என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அவரைத் தொலைபேசியில் அழைத்து இன்றே உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களைப் போல அடிக்கடி தெருநாய்களைக் கையாள்பவர்களும் கடிபடும் முன்பே மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது போசியைக் காக்கும் பழக்கம். வலி இருக்கும் நாய் எளிதில் கவ்வும். முறிந்து சேர்ந்த காலை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பல், ஈறு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் மீண்டும் தலைகாட்டக்கூடியது என்பதால் இரத்தத்தில் பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கையையும் சரிபார்த்துக்கொள்ளலாம். வலியோ நோயோ இல்லை என்று தெரிந்தபின் பயிற்சியைத் தொடங்கலாம்.

பயிற்சி எளிதுதான், பொறுமைதான் வேண்டும். போசியில் வெறும் சோற்றை வைத்துவிட்டு, அது கவலையின்றித் தின்னும் தூரத்தில் நில்லுங்கள். எட்டடி என்றால் எட்டடி. அங்கிருந்து வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றை அதன் பக்கம் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். சில நாட்களில் நீங்கள் வருவதைப் பார்த்ததும் வாலை ஆட்டித் தலையைத் தூக்கும். அப்போது அரை அடி நெருங்கலாம். மனிதர் அருகில் வந்தால் சோறு பறிபோகாது, கூடுதலாகத்தான் வரும் என்று அது கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். உங்கள் மகன் இந்தப் பயிற்சியில் பங்கேற்கவே கூடாது. நாய் சாப்பிடும் இடத்துக்கு அவன் வராதபடி ஒரு கதவோ தட்டியோ இருக்கட்டும்.

இது செவலையைப் பற்றியதல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடுத்து குட்டிகளை எடுத்துவர நேர்ந்தால் பார்வோ என்ற குடல் வைரஸ் நோயை நினைவில் வையுங்கள். பார்வோ கண்ட குட்டி ஒன்று இருந்த மண்ணிலும் தரையிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும். நல்ல மணம் வீசும் சாதாரணத் தரை கழுவும் திரவத்துக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். குட்டிகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரே ஊசி போட்டுவிட்டு, “ஊசி போட்டாயிற்று” என்று சொல்லிக் கொடுத்த குட்டிகள் அடுத்த வாரமே இரத்தப் பேதியோடு வந்து சேர்வதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.


பீளமேடு_மூன்றாம்மாடி (கோவை) எழுதியது:

நான் நாயைத் திருப்பிக் கொடுத்தவள். நீங்கள் சொல்லும் வீடு நாங்களல்ல, ஆனால் எங்கள் கதையும் ஏறக்குறைய அதுதான். எங்களிடம் கொடுத்தவர், “தங்கமான குணம், ஒரு தொந்தரவும் கிடையாது” என்றார். முதல் இடி இடித்த அன்று அது பால்கனிக் கம்பிக்குள் தலையை நுழைத்துச் சிக்கிக்கொண்டது. அவரை அழைத்துக் கேட்டபோது, “ஆமாம், இடிக்குக் கொஞ்சம் பயப்படும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முன்பே சொல்லியிருந்தால் கம்பிக்கு வலை அடித்திருப்போம், மழை நாளில் ஒருவர் விடுப்பு எடுத்திருப்போம். தெரியாமல் மாட்டிக்கொண்டதால் பயந்துபோய் ஆறாம் நாள் திருப்பிவிட்டோம். காரில் ஏற்றும்போது வெளியே கூட்டிப்போகிறோம் என்று நினைத்து அது வாலை ஆட்டியது. இன்றுவரை மறக்க முடியவில்லை. தயவுசெய்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்பவர்கள் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லட்டும்.


போத்தனூர் அக்கா எழுதியது:

மேலே அந்தச் சகோதரி எழுதியதைத்தான் நானும் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். நாயின் நல்ல குணத்தைப் படம் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். குறையை நாம்தான் சொல்ல வேண்டும். நான் ஒரு முழுத்தாளில் கையால் எழுதிவிடுவேன். எதற்குப் பயப்படும், எதைக் காக்கும், எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், குழந்தை, பூனை, கோழி, ஆடு, மாடு ஆகியவற்றிடம் எப்படி நடந்துகொண்டது, ஏற்கெனவே எத்தனை வீடு மாறியது, ஏன் மாறியது எல்லாம் அதில் இருக்கும். போட்ட ஊசிகளின் அட்டையோடு அந்தத் தாளையும் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு மறுபடி அழைப்பவர்கள் குறைவுதான். ஆனால் அப்படி அழைத்தவர்களில் நாயைத் திருப்பியவர்கள் மிகக் குறைவு.

உங்கள் இரண்டு வீடுகளும் கெட்ட வீடுகள் அல்ல. செவலைக்குத் தேவை பகலில் ஆள் இருக்கும் வீடு. நீங்கள் காலையில் வேலைக்குப் போனாலும் உங்கள் மாமியார் வீட்டிலேயே இருந்தார், அதனால்தான் அதன் ஊளை உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. தற்காலிகமாக வளர்ப்பவர்கள் பலரும் இங்கேதான் ஏமாந்துபோகிறோம். நம் வீட்டில் இல்லாத சூழ்நிலையில் அது என்ன செய்யும் என்பது நமக்குத் தெரிவதில்லை. இப்போதே நீங்களும் மாமியாரும் இரண்டு நிமிடம் வெளியே போய்த் திரும்பிப் பழக்குங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு பத்து. கதவைச் சாத்தும்போது கொஞ்சுவதும் வேண்டாம், திரும்பி வரும்போது ஆர்ப்பாட்டமும் வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர்கள் கேட்டால் வீட்டு உரிமையாளரிடம் நானே நேரில் பேசுவேன். அவருடைய சம்மதத்தைக் கேட்காமல் கொடுத்த நாய்கள் மூன்று மாதத்தில் தெருவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும், எத்தனை ஆண்டு கழித்தும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வேன். புது வீட்டில் முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் தன் வீடு என்ற நினைப்பு வரும் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. அவிநாசியில் மூன்றாவது வாரத்தில் கவ்வியதும் எனக்கு வியப்பாக இல்லை. பயந்து அடங்கியிருந்த நாய் அப்போதுதான் தன் இயல்பைக் காட்டத் தொடங்கும்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. தீபாவளி முடியும் வரை எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பிவரப் புது வீட்டின் வழி தெரியாது. பழைய வீட்டையும் கண்டுபிடிக்காது. மாரியம்மன் நோன்பி (திருவிழா) நடக்கும் ஊர்களுக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அடிபட்டதையும், கைவிடப்பட்டதையும், தாயில்லாக் குட்டியையும் நாம் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தன் தெருவில் நாலு பேர் சோறு வைக்க, நலமாகத் திரியும் நாய்களையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவர நினைப்பது வேண்டாம். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. நான் ஒருகாலத்தில் இரக்கப்பட்டு ஒன்பது நாய்களை வைத்திருந்தேன். ஒன்றையும் சரியாகக் கவனிக்க முடியவில்லை, ஒன்றுக்கும் வீடு தேட நேரமில்லை. இப்போது இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றுக்கு அழைப்பு வரும்போது மறுப்பது இன்றும் வலிக்கிறது.

கையைக் கவ்விய செய்தியைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்ல வேண்டும். முதல் வரியாகவே சொல்லுங்கள்.


நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவிநாசிப் பெரியவரை அன்றே அழைத்தேன். கவ்விய அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசி போட்டுக்கொண்டதாகவும், தவணைகளைத் தவறாமல் போட்டுவருவதாகவும் சொன்னார். அதற்கு முன் நான் ஒருமுறைகூடக் கேட்காதது வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காங்கயம் தோட்டத்துக்குச் செவலையைக் கூட்டிச் சென்றோம். கவ்விய செய்தியை முதலிலேயே சொன்னேன். அந்த அம்மா, “பசி கண்டது அப்படித்தான் இருக்கும்” என்றார், கொஞ்சமும் தயங்கவில்லை. பொழுது சாய ஆடுகள் பட்டிக்கு வந்தன. மேட்டாங்காடு அண்ணன் எழுதியது அப்படியே நடந்தது. தலை தாழ்ந்தது, காது முன்னே வந்தது, உடம்பு மெல்ல நடுங்கத் தொடங்கியது. பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன், நான் அங்கே நிற்பதே அதற்குத் தெரியவில்லை. ஒரு கிடாய் காலைத் தட்டித் திரும்பிய அந்த நொடியில் பாய்ந்தது, கயிறு என் உள்ளங்கையை அறுத்துவிட்டது. பெரியவர் கட்டிலைவிட்டு எழாமலேயே, “இது ஆகாதுங்க அம்மிணி” என்றார். பிறகு அவரே, இரண்டு மாதக் குட்டி இருந்தால் பார்க்கச் சொன்னார். கடுவன்தான் வேண்டும் என்றார். கருத்தடை செய்த பெட்டை ஊர் சுற்றாமல் வாசலிலேயே கிடக்கும் என்று எடுத்துச் சொன்னபின், அந்த அம்மா பெட்டையே போதும் என்று முடித்துவைத்தார். எங்கள் கம்பெனி குடோன் பின்னால் மூன்று குட்டிகள் இருக்கின்றன, தாய் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. இரண்டை ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது பெட்டைக்கு இரண்டாம் ஊசியும் முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.

செவலைக்கு வேறொரு வீடு பார்த்திருக்கிறோம். அனுப்பர்பாளையத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு பீஸ் வேலை செய்யும் கணவன் மனைவி. சொந்த வீடு, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், பகலில் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள். போத்தனூர் அக்கா சொன்னபடி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, கவ்வியதை முதல் வரியாக வைத்துக் கொடுத்தேன். அந்தத் தையல்கார அக்கா இரண்டு முறை படித்துவிட்டு, மிஷின் சத்தத்துக்குப் பயப்படுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அடுத்த நாளே செவலையைக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். மிஷின் ஓட ஆரம்பித்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. அரைமணி கழித்து வெளியே வந்து வெட்டுத்துணிக் குவியலை முகர்ந்து அதன்மேலேயே சுருண்டுகொண்டது.

தீபாவளி முடிந்த பிறகுதான் அனுப்புகிறேன். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஈரல் பயிற்சியில் எட்டடியிலிருந்து ஐந்தடிக்கு வந்திருக்கிறோம். நேற்று அந்த அக்கா வந்திருந்தபோது, எங்கே நிற்க வேண்டும், துண்டைப் போட்டுவிட்டு எந்தப் பக்கமாக விலக வேண்டும் என்று என் மாமியார்தான் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டிக்கொடுத்தார்.